நூறு வெள்ளி எங்கே போனது? சுங்கை சிப்புட் தோட்டத்துக் கணக்கு மிஷின்: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஒரு குடும்பம், பழைய கணக்கு மிஷின்களை ரிப்பேர் செய்யும் என்னிடம் கொண்டுவந்த கேள்வி இது. 1960களில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்த அவர்களுடைய தாத்தா, சம்பளப் பணத்தில் நூறு வெள்ளி (அங்கே பணத்துக்கு வெள்ளி என்று பெயர்) எடுத்தாரா, இல்லையா?

அவர் இப்போது இல்லை. வழக்கு என்று எதுவும் நடக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. ஆனால் தோட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. "நூறு வெள்ளிக் கிராணி" என்ற பெயர் அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போன பிறகும் கூடவே போனது. அவருடைய பேத்தி, தாத்தா ஆபீசில் பயன்படுத்திய கணக்கு மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கிள், மிஷின் ஓடுதா இல்லையான்னு கூட எனக்குக் கவலை இல்லை. தாத்தா எடுத்தாரா இல்லையா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

மனிதர் எடுத்தாரா என்று ஒரு மிஷினால் சொல்ல முடியாது. பணம் எந்த இடத்தில் குறைந்தது என்று சொல்ல முடியும். அதுவே இந்த ஆய்வு. தோட்டத்தின் பெயரையும் குடும்பத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். கீழே வரும் தொகைகளை மாற்றியிருக்கிறேன். தொகைகளுக்கு இடையிலான வித்தியாசங்களை மட்டும் மாற்றவில்லை, காரணம் விஷயமே அந்த வித்தியாசங்களில்தான் இருக்கிறது.

கையில் கிடைத்தவை

ஒரு கைச்சுற்று கணக்கு மிஷின், சில செக்ரோல் புத்தகங்கள், ஒரு ரொக்க நோட்டு. தோட்டம் கைமாறி ஆபீசை மூடியபோது பழைய சாமான்களோடு இவையும் வெளியே வந்திருக்கின்றன. கிராணி தாமே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். தன்மேல் பழி விழக் காரணமான மிஷினை ஒருவர் கேட்டு வாங்கி, கடைசிவரை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார் என்றால், அதில் அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது என்றே எனக்குப் பட்டது.

செக்ரோல் பார்க்காத இளையவர்களுக்காக: காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) யார் யார் வந்தார்கள் என்று பதிவதிலிருந்து, மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது வரை எல்லாம் அந்தப் பெரிய புத்தகத்தில்தான் இருக்கும். பால்மரம் வெட்டுகிறவருக்கு நாள் கணக்கு மட்டும் போதாது. கொண்டுவந்த பாலை ஸ்டோரில் நிறுத்து, மெட்ரோலாக் மிதவையை விட்டுப் பார்த்து, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை ராத்தல் என்று கணக்கிட வேண்டும். பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். அப்புறம் மரத்திலும் கிண்ணத்திலும் தானாக உறைந்த ஒட்டுப்பால், கட்டிப்பால். அதற்கு மேல் கழிவுகள்: முன்பணம், 1951-ல் தொடங்கிய ஊழியர் சேமநிதிக்கான பிடித்தம். இவை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு மாதத்துச் சம்பளத்தை முடிப்பது ஒரு கிராணிக்கு இரண்டு மூன்று இரவு விளக்கு வெளிச்சத்து வேலை.

அங்கேதான் மிஷின் உதவிக்கு வந்தது. மலாயாவில் பணம் வெள்ளியும் காசுமாக, நூறு காசு ஒரு வெள்ளி என்று இருந்ததால் பத்தின் அடிப்படையில் ஓடும் சாதாரண மிஷின் அப்படியே பொருந்தியது. அதே காலத்தில் லண்டன் ஆபீசுகளில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்று கணக்கு. அதற்குத் தனியாக மிஷின் செய்ய வேண்டியிருந்தது. 1971 பிப்ரவரியில்தான் அவர்கள் நூறு பென்னிக்கு மாறினார்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் லண்டனில் உட்கார்ந்து போட்ட கூட்டலைவிட, இங்கே கிராணி போட்ட கூட்டல் மிஷினுக்கு எளிது.

மிஷினின் வயிறு

முன்பலகையில் பெயர் தேய்ந்துவிட்டது. ஆனால் வகை தெளிவு: ஒட்னர் வகை. வில்கோட் ஒட்னர் என்ற ஸ்வீடன்காரர், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லுட்விக் நோபலின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரரான தோமா செய்த அரித்மோமீட்டர் என்ற கணக்கு மிஷின் ஒன்று ரிப்பேருக்கு வந்தபோது, இதைவிடச் சின்னதாக, மலிவாகச் செய்யலாமே என்று தோன்றி 1870களில் தன்னுடையதை உருவாக்கினார். 1890-ல் தொழிற்சாலைத் தயாரிப்பு தொடங்கியது. 1892-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்துக் கம்பெனி உரிமம் வாங்கி பிரன்ஸ்விகா என்ற பெயரில் விற்றது. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு ஒட்னர் குடும்பம் தொழிலை ஸ்வீடனுக்குக் கொண்டுபோனது. இதே அமைப்பை ஜப்பானில் டைகர் என்றும், சோவியத் நாட்டில் ஃபெலிக்ஸ் என்றும் செய்தார்கள். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் உலகத்து ஆபீசுகளில் இந்த ஒரே யோசனைதான் சுற்றிக்கொண்டிருந்தது. ரிப்பேருக்கு வந்த சாமானிலிருந்து பிறந்த மிஷின் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு.

வேலை செய்யும் விதம் இது. மேலே உருளையில் வரிசையாகச் சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்பது பற்கள் உள்ளே பதுங்கியிருக்கும். நெம்பை 7-க்குத் தள்ளினால் ஏழு பற்கள் வெளியே நீட்டும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த ஏழு பற்களும் கீழே உள்ள விடைச் சக்கரத்தை ஏழு படி தள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழித்தல். ஒருவருக்கு நாள் கூலி 3 வெள்ளி 10 காசு, 26 நாள் வேலை என்றால் 310 வைத்து ஆறு சுற்று, விடைச் சக்கரங்கள் உள்ள கீழ்ப்பெட்டியை ஓர் இடம் நகர்த்தி இரண்டு சுற்று. எட்டே சுற்றில் 80.60.

இதில் கஷ்டமான பகுதி கூட்டலே இல்லை. 9-க்கு மேலே ஒன்று போனதும் அந்தச் சக்கரம் 0-க்கு வந்து, பக்கத்துச் சக்கரத்துக்கு ஒன்று கடத்த வேண்டுமே, அதுதான் கஷ்டம். கணக்கு மிஷின்களின் வரலாறு முழுக்க இந்த ஒன்றைக் கடத்தப் பட்ட பாடுதான் என்று சொன்னால் மிகை ஆகாது. 1623-ல் ஷிக்கார்ட் என்ற ஜெர்மானியர் தன் மிஷினைப் பற்றி வானியலாளர் கெப்ளருக்கு எழுதிய கடிதத்தில், அது பத்தானதும் தானாகவே அடுத்த இடத்துக்குக் கடத்துவதைப் பார்த்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள் என்று பெருமையாகச் சொல்கிறார். ஆனால் ஒரு பல் அடுத்த சக்கரத்தைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள என்று போனால், 999999-உடன் 1 கூட்டும்போது எல்லாப் பாரமும் முதல் சக்கரத்தின் தலையில் விழும். 1642-ல் இதில் இறங்கிய பாஸ்கல், சக்கரம் சுற்றும்போதே ஒரு சிறு எடையைத் தூக்கி வைத்து, 9 தாண்டியதும் அது விழுந்து அடுத்ததைத் தட்டும்படி செய்தார். அவருடைய அப்பாவுக்கு வரி வசூல் கணக்கு வேலை. மகன் அதற்காகத்தான் மெனக்கெட்டார். இங்கிலாந்தில் பாபேஜ், எங்கெங்கே ஒன்று கடத்த வேண்டிவரும் என்று மிஷினே முன்கூட்டிப் பார்த்து ஒரே நேரத்தில் கடத்தும் ஏற்பாட்டுக்காக ஏராளமான உழைப்பைக் கொட்டினார். இன்றைய கம்ப்யூட்டர் சில்லுகளுக்குள் நடக்கும் கூட்டலிலும் இதே கேள்விக்கு இதே மாதிரியான பதில் இருக்கிறது.

ஒட்னரின் வழி இரண்டு கட்டம். விடைச் சக்கரம் 9-லிருந்து 0-க்குத் தாண்டும்போது ஒரு சிறு நெம்பை முன்னே தள்ளி வைக்கும். அந்த நெம்பு அங்கேயே நின்று காத்திருக்கும். உருளை இன்னும் கொஞ்சம் சுற்றி வரும்போது, அடுத்த சக்கரத்திலுள்ள ஒரு தனிப் பல் இந்த நெம்பில் மோதி விலகி, விடைச் சக்கரத்தை ஒரு படி தள்ளும். இந்தத் தனிப் பற்கள் வலமிருந்து இடமாகச் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும், ஆகவே ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. பாரம் ஒரே நேரத்தில் சேராது.

"நின்று காத்திருக்கும்" என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். நெம்பை நிற்க வைப்பது ஒரு சின்ன ஸ்பிரிங்.

சோதனை

பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. பார்த்தவுடன் கழுவத்தான் கை போகும். ஆனால் கழுவிவிட்டால் சாட்சியும் கழுவிப் போகும். எனவே அழுக்கோடேயே சோதித்தேன்.

இந்த வகை மிஷினுக்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஏழு இடத்திலும் 9 வைத்து ஒரு சுற்று. பிறகு 1 மட்டும் வைத்து இன்னொரு சுற்று. விடை ஒன்றும் ஏழு சுழியமுமாக வர வேண்டும். மெதுவாகச் சுற்றினேன், சரியாக வந்தது. சம்பள நேரத்து வேகத்தில் சுற்றினேன். விடை தெரியும் ஜன்னலில் நின்றது 9990000.

வலது பக்கத்து மூன்று இடமும் ஒழுங்காகக் கடத்தியிருக்கின்றன. நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போக வேண்டிய ஒன்று போகவில்லை. கீழ்ப்பெட்டியை நகர்த்திவிட்டு மறுபடி பார்த்தேன். பிழை பெட்டியோடே போனது, அதே ஜன்னலில்தான் வந்தது. ஆகவே கோளாறு மேலே உருளையில் இல்லை, கீழ்ப்பெட்டியில் அந்த ஒரு நெம்பில்.

பிசின் காரணமா? பிசின் என்றால் மெதுவாகச் சுற்றும்போதும் நெம்பு இழுத்துப் பிடித்திருக்கும், மற்ற இடங்களிலும் தடுமாறியிருக்கும். பிறகு கழுவியும் பார்த்தேன். பிழை போகவில்லை. நெம்பைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் சோர்ந்திருந்தது. மெதுவாகச் சுற்றினால் நெம்பு தள்ளிய இடத்தில் நிற்கிறது. வேகமாகச் சுற்றினால் துள்ளித் திரும்பிவிடுகிறது, தனிப் பல் வரும்போது அங்கே மோத எதுவும் இல்லை.

இன்றைக்குச் சோர்ந்திருக்கும் ஸ்பிரிங் அன்றைக்கும் சோர்ந்திருந்தது என்று எப்படிச் சொல்வது? இதற்கு மிஷினிலேயே ஒரு தடயம் இருந்தது. வரிசையில் உள்ள எல்லா ஸ்பிரிங்கும் தொழிற்சாலையில் சுற்றியவை, ஒரே மாதிரி. அந்த ஓர் இடத்தில் மட்டும் வேறு கம்பி, கையால் சுற்றியது, சுற்றுகள் ஒழுங்கில்லை. யாரோ ஒருவர் அந்த ஒரே இடத்தைத் தேடிப்போய்த் திறந்து மாற்றியிருக்கிறார். கோளாறு அங்கே என்று தெரியாமல் யாரும் அந்த வேலை செய்ய மாட்டார்கள்.

விடை ஜன்னலில் வலமிருந்து முதல் இரண்டு இடம் காசு, மூன்றாவது வெள்ளி, நான்காவது பத்து வெள்ளி, ஐந்தாவது நூறு வெள்ளி. அங்கே ஒன்று போகாமல் போனால் குறைவது 100 வெள்ளி 00 காசு. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

புத்தகத்தின் ஓரத்தில்

முதல் புத்தகத்தில் ஓரம் வெறுமையாக இருக்கிறது. அதன் பிற்பகுதியில் ஒரு மாதம், மொத்தத்தைச் சிவப்பு மையில் அடித்து நூறு வெள்ளி கூட்டி எழுதியிருக்கிறார்கள். சில மாதம் கழித்து மறுபடி அதே நூறு. பேச்சு கிளம்பியது இந்த இரண்டாவது முறைக்குப் பிறகு என்று குடும்பத்தார் சொன்னதோடு இது பொருந்துகிறது.

அடுத்த புத்தகத்திலிருந்து ஒவ்வொரு பக்க மொத்தத்தின் பக்கத்திலும் பென்சிலில் ஒரு சின்ன எண். 0-லிருந்து 8-க்குள். 9 என்று எங்கேயுமே இல்லை. பேத்தி அதை நாலு நம்பர் லாட்டரிக் குறிப்பு என்று நினைத்திருந்தார். 9 இல்லாததைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கிராணி ஒன்பதைக் கழித்துச் சரிபார்த்திருக்கிறார்.

வழி எளிது. ஒரு தொகையின் இலக்கங்களைக் கூட்டி, 9-ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். மீதிகளைக் கூட்டினால் வருவதும் மொத்தத்தின் மீதியும் ஒத்துப்போக வேண்டும். ஐந்து பக்கம் என்று வையுங்கள்: 846.35, 792.80, 915.60, 688.45, 731.25. மீதிகள் 8, 8, 3, 4, 0. கூட்டினால் 23, அதன் மீதி 5. சரியான மொத்தம் 3,974.45, இலக்கங்கள் 32, மீதி 5. ஒத்துப்போகிறது. இந்தக் கூட்டலில் நூறின் இடத்துக்கு இரண்டு தடவை ஒன்று கடத்த வேண்டிவரும். மிஷின் ஒரு தடவை தவறவிட்டால் 3,874.45 என்று காட்டும். இலக்கங்கள் 31, மீதி 4. ஒன்று இடிக்கிறது, உடனே தெரிந்துவிடும்.

10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே எந்த இடத்தில் ஒன்று கடத்தத் தவறினாலும் இந்தச் சோதனையில் ஒன்று இடிக்கும். மிஷினின் இந்தக் கோளாறைப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. சந்தேகத்துக்கு ஆளான ஒரு மனிதர், மிஷினைத் திறக்க அனுமதியோ கருவியோ இருந்ததோ இல்லையோ, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு அதைக் காவல் காத்திருக்கிறார். அந்தப் பென்சில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

இதன் பிறகு நூறு வெள்ளித் திருத்தம் எங்கேயும் சிவப்பில் வரவில்லை. பென்சிலில் எழுதிய மொத்தம் அடிக்கப்பட்டு, சரியானது மையில் எழுதப்பட்ட இடங்கள் உண்டு. வித்தியாசம் அங்கெல்லாம் அதே நூறு. அதாவது மிஷின் தவறிக்கொண்டேதான் இருந்தது, சம்பளத்துக்குப் போகும் முன்பே அவர் பிடித்துவிட்டார்.

ஆனால் பின்னால் ஒரு மாதம் 18 வெள்ளி வித்தியாசம் ஒன்று சிவப்பில் வருகிறது. ஓரத்து எண் சரியாகவே இருக்கிறது. எப்படி? 731.25 என்று எழுத வேண்டியதை 713.25 என்று மாற்றி எழுதினால் 18 குறையும், இலக்கங்களின் கூட்டல் மாறாது. இரண்டு பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-இன் மடங்குதான். ஒன்பதைக் கழிக்கும் சோதனைக்கு அது கண்ணிலேயே படாது. மிஷின் 31-ஐ 13 ஆக்காது. அது களைத்த கண்ணும் கையும் செய்கிற பிழை. இன்றைக்கும் கணக்காளர்கள் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்றே தேடுவார்கள். எக்செல் கூட்டல் தவறாது, ஆனால் தட்டச்சு செய்கிற விரல் இன்னும் பழைய விரல்தான்.

அந்த 18 வெள்ளிக்குப் பிறகு செக்ரோலில் புதிதாகச் சில பத்திகள் முளைக்கின்றன: ஆளுக்கு ஆள் எத்தனை பத்து வெள்ளி நோட்டு, எத்தனை ஐந்து, எத்தனை ஒன்று, எவ்வளவு சில்லறை. அந்தப் பத்திகளைத் தனியாகக் கூட்டினால் மொத்தம் இன்னொரு வழியில் வந்துவிடும். இரண்டாவது காவல். யாராவது மேலிருந்து உத்தரவு போட்டார்களோ, இவரே செய்தாரோ, எழுத்து என்னவோ இவருடையதுதான்.

சம்பள நாள்

அந்த நோட்டுப் பத்திகள் இல்லாத காலத்தில், செக்ரோல் மொத்தத்தை வைத்துத்தான் ஈப்போ வங்கியிலிருந்து ரொக்கம் எடுத்துவந்தார்கள். 1948 ஜூனில் இதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் ஆயுதக் கிளர்ச்சியை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது முதல், சம்பளப் பணத்தைச் சாலையில் கொண்டுவருவது லேசான காரியமில்லை. 1960-ல் அவசரகாலம் முடிந்த பிறகும் அந்த ஜாக்கிரதை போகவில்லை. பணம் குறைந்தது என்று அதே நாளில் மறுபடி ஓடி எடுத்துவர முடியாது.

மொத்தத்தில் நூறு குறைந்தால் என்ன ஆகும்? மேசையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகை சரியாகக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். வரிசையின் கடைசிக்கு வரும்போது பெட்டி காலி. முதல் சிவப்புத் திருத்தம் உள்ள மாதத்தில், கடைசிப் பக்கத்தின் கீழே சில பெயர்களுக்கு எதிரே "மறுநாள்" என்று எழுதியிருக்கிறது. அன்றைக்குச் சந்தைக்குப் போக முடியாமல், கடைப் பாக்கியை அடைக்க முடியாமல் திரும்பியவர்கள் அவர்கள். காத்திருந்தவர்களுக்குப் பெட்டியில் பணம் இல்லை என்பது மட்டும்தான் தெரியும். பெட்டியைத் தொட்டவர் கிராணி. பேச்சு அப்படித்தான் பிறந்திருக்கும். அவர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

முடிவைத் தந்தது ரொக்க நோட்டு. அந்த இரண்டு மாதங்களிலும் வங்கியிலிருந்து எடுத்த தொகை, செக்ரோலில் அடிக்கப்பட்ட பழைய மொத்தத்தோடு காசு சுத்தமாக ஒத்துப்போகிறது. தனித்தனிச் சம்பளங்களை நான் கையால் கூட்டிப் பார்த்தேன். அவை அந்த மொத்தத்தைவிட நூறு அதிகம். அதாவது பெட்டிக்குள் வந்த பணம் வரும்போதே நூறு குறைவு. வராத பணத்தை யாரும் எடுக்க முடியாது.

குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தது

இரண்டு மாதங்களிலும் ரொக்கம் காணாமல் போகவில்லை. வங்கியில் கேட்கும்போதே நூறு வெள்ளி குறைவாகக் கேட்கப்பட்டது. குறைவுக்குக் காரணம் மிஷினின் நான்காவது இடத்து நெம்பு, வேகமாகச் சுற்றும்போது ஒன்று கடத்தத் தவறியது. கிராணி இதைக் கண்டுபிடித்து, அடுத்த புத்தகம் முதல் ஒவ்வொரு பக்கத்திலும் சரிபார்த்து வந்திருக்கிறார். இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பேத்தி ஒன்று கேட்டார்: "அப்படின்னா தாத்தா ஏன் அப்பவே எல்லார் முன்னாலயும் சொல்லலை?" சொல்லியிருக்கலாம், யாரும் நம்பாமல் இருந்திருக்கலாம். மெதுவாகச் சுற்றினால் சரியாக வரும் மிஷின் அது. துரைக்கு முன்னால் நிதானமாகச் சுற்றிக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் சரியான விடையைத்தான் காட்டியிருக்கும். ஓர் இளம் கிராணியின் வார்த்தையா, வெளிநாட்டு மிஷினா என்று வந்தால் அந்தக் காலத்து ஆபீசில் எது எடுபட்டிருக்கும் என்று அவரிடம் சொன்னேன்.

1970களில் ஜப்பான் கால்குலேட்டர்கள் வந்து இந்த மிஷின்களை ஓரங்கட்டின. 1971-ல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லே பிசிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனிக்காகச் செய்யப்பட்டதுதான். ஸ்பிரிங் இல்லை, நெம்பு இல்லை. தோட்டத்து ஆபீசுகளில் பழைய மிஷின்கள் அலமாரிக்குள் போய்விட்டன, பல எடைக்குப் போய்விட்டன.

இந்த மிஷினுக்குப் புது ஸ்பிரிங் போட்டுக் கொடுத்திருக்கிறேன், வேகமாகச் சுற்றினாலும் இப்போது கடத்துகிறது. கையால் சுற்றிய பழைய ஸ்பிரிங்கை ஓர் உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி, முதல் செக்ரோல் புத்தகத்தோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு வீடுகளிலும் இப்படி மிஷினும் புத்தகமும் சேர்ந்து கிடந்தால், மிஷினை முதலில் கழுவ வேண்டாம். கைப்பிடி பாதியில் நின்றிருந்தால் பலவந்தமாகத் திருப்பவும் வேண்டாம், உள்ளே பல் வளைந்துவிடும். புத்தகத்தில் அடித்துத் திருத்திய மொத்தங்களை மட்டும் முதலில் தனியாக எழுதி, வித்தியாசத்தைப் பாருங்கள். 10, 100, 1000 என்று நின்றால் மிஷினைத் திறந்து அந்த இடத்து நெம்பைப் பாருங்கள். 9-ஆல் வகுபட்டால் மிஷினை விட்டுவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் எடுத்தெழுதிய எண்களைப் பாருங்கள். ரொக்க நோட்டு இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.